ஹார் மீன் இல்லாத மூன்று ஏரிகள்

இயேசு மரி சூசை துணை

பலெர்மோ,
யூலை 9

அன்புள்ள ஏர்னஸ்ற் அண்ணாவுக்கு,

தங்கை றெபேக்கா வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், டினேஷ், மொனிகா, இன்னும் ஞானஸ்நானம் பெறாத உங்கள் மருமகன் ஆகிய நால்வரும் மாதாவின் தயவில் சுகம். அங்கே அந்தக் குளிர்நாட்டில் நீங்களும் மச்சாள் யோசப்பீனும் கொஞ்சம் வெயிலையும் கண்டு சுகமாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு பூசையிலும் கேட்டுக்கொள்கிறேன். சுகம் என்று எழுதிவிட்டேன், ஆனால் மகன் இன்று காலையில் இரண்டு தடவை தும்மினான். முதல் தும்மலுக்கு நான் பயப்படவில்லை. இரண்டாவதுக்கு வைத்தியருக்குப் போன் எடுத்தேன். அவர், "சிஞ்ஞோரா, குழந்தைகள் தும்முவார்கள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மூன்றாவது தும்மலை எதிர்பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

இந்தக் கடிதம் மூன்று மாதம் பிந்தி வருகிறது. போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். போனில் நான் சொன்ன ஒரு வசனம்தானே இவ்வளவு வினைக்கும் காரணம். உயிர்த்த ஞாயிறன்று நீங்கள் எடுத்தபோது, ஓகஸ்ட் இரண்டாம் ஞாயிறு மகனுக்கு ஞானஸ்நானம், நீங்கள்தான் ஞானத்தகப்பன் என்று சொன்னேன். நீங்கள் மெல்ல, "ஓகஸ்டோ பிள்ளை? அது ஹார் பிடிக்கிற காலமெல்லோ. மலைக்கு ஏற வேணும்" என்றீர்கள். அண்ணா, இந்த வசனத்தை நான் முன்பும் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். என் கலியாணத்துக்கு ஒருமுறை, மொனிகாவின் ஞானஸ்நானத்துக்கு ஒருமுறை. கலியாணத்துக்கு நீங்கள் வரவில்லை, நீங்கள் பிடித்த ஹார் மீனின் படம் வந்தது. எங்கள் கலியாண அல்பத்தின் முதல் பக்கத்தில் இன்றைக்கும் அந்த மீன்தான் இருக்கிறது. டினேஷ் ஒட்டினவர். "பெண் வீட்டார் சார்பிலை வந்த ஒரே ஆள்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். கோயிலுக்குள் என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போனது எங்கள் கீழ்வீட்டு மொரீசியஸ்காரர் கேசவென், நெற்றியில் திருநீற்றோடு. பூசை வைத்த சுவாமி தடுக்கவில்லை, ஆனால் பார்த்தார்.

இந்தமுறையும் அப்படி ஆகக்கூடாது என்ற பதற்றத்தில், என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. "இஞ்சையும் மலை ஏரியளுக்குள்ளை அந்த மீன் இருக்காம் அண்ணா. கனக்க இருக்காம்." அவ்வளவுதான் சொன்னேன். அந்தக் "கனக்க" தேவையில்லை என்று சொல்லும்போதே தெரிந்தது. அடுத்த கிழமை உங்கள் ரிக்கற்றின் படம் வந்தது. ஒன்பது வருசத்துக்குப் பிறகு நீங்கள் பலெர்மோவுக்கு வரப்போகிறீர்கள் என்று நான் குசினிக்குள் நின்று அழுதேன். அழுது முடித்துப் பார்த்தால் படத்துக்குக் கீழே ஒரு வரி: "ஏரியின்ரை பேர் என்ன?" அதன்பிறகு ஞாயிறுக்கு ஞாயிறு அதே கேள்வி. நானும் ஞாயிறுக்கு ஞாயிறு, "விசாரிச்சுச் சொல்லுறன்" என்று பதில் போட்டேன். பொய் சொன்னவள் நான், அதை மெய்யாக்கவேண்டியவளும் நான்தான் என்று, மகன் பிறந்ததிலிருந்து கோயிலையும் வைத்தியரையும் தவிர வேறெங்கும் போகாத நான், மீன் தேடி மலையேற முடிவெடுத்தேன்.

எங்களுக்கு ஹார் பற்றித் தெரிந்ததெல்லாம் நீங்கள் போனில் சொன்னதுதான். முதுகில் வள்ளப்பாய் விரித்தது மாதிரிச் செட்டை. குளிர்ந்த, தெளிந்த தண்ணி. பிடித்த கையோடு மணந்து பார்த்தால் ஓமம் மாதிரி ஒரு வாசம். நூலால் கொசுவளவு பொய் ஈ ஒன்றைக் கட்டித் தூண்டிலில் எறிந்து பிடிக்கவேண்டும். இதைக் கேட்டு டினேஷ் விழுந்து விழுந்து சிரித்தார். பேசாலையில் வள்ளத்தோடு பிறந்த மனுசன், இங்கே ஒரு இத்தாலியச் சிஞ்ஞோரா வீட்டில் சமையல் வேலை செய்தாலும் ஒவ்வொரு நாளும் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறவர். "ஓமம் மணக்கிற மீனோ? அப்ப அது மீனில்லை, வயித்துவலி மருந்து. உம்முடைய கொண்ணர் குளிருக்குள்ளை இருந்து மூக்கடைச்சுப்போனார்" என்றார். ஆனாலும் அன்றைக்கே தூண்டிலுக்குத் தங்கூசி நூலும் ஈயக்குண்டும் வாங்கி வந்தார். ஈயக்குண்டு ஒவ்வொன்றும் மகனின் கைமுட்டியளவு.

முதல் ஞாயிறு பூசை முடிந்து, கேசவெனின் வானில் பியானா டெல்லி அல்பனேசி ஏரிக்குப் போனோம். வளைந்து வளைந்து ஏறுகிற பாதையில் நான் மகனுக்குக் காது அடைக்கிறதோ என்று ஐந்து நிமிசத்துக்கு ஒருமுறை பால் கொடுத்தேன். அவன் ஐந்து நிமிசத்துக்கு ஒருமுறை சத்தி எடுத்தான். ஏரி வடிவான ஏரிதான், சுற்றிவர மலை. டினேஷ் தூண்டிலை எடுக்கவே இல்லை. கரையில் ஒரு குச்சியை நட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் குந்தினார்.

"என்னப்பா செய்யிறியள்?"

"வத்து முடியட்டும். பெருக்கு ஏறேக்கைதான் மீன் கரைக்கு வரும்."

"இது ஏரியப்பா. ஏரிக்கு வத்துப் பெருக்கு இருக்கோ?"

"தண்ணியெண்டால் வத்தும், பெருகும். நீர் காலேச்சிலை படிச்சனீர், கடலிலை படிக்கேல்லை. கொஞ்சம் பேசாமல் இரும்."

இரண்டு மணித்தியாலம் பேசாமல் இருந்தேன். அண்ணா, உண்மையாகவே தண்ணீர் இரண்டு விரலளவு இறங்கியிருந்தது. டினேஷ் எழும்பி நின்று, காலேச்சையும் என்னையும் சேர்த்து ஒரு பார்வை பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒரு ஊர்க்காரரிடம் நான் இத்தாலிய மொழியில் கேட்டேன். அவர் சொன்னார், இது அணைகட்டிய ஏரி, வெயில் காலத்தில் மதகைத் திறந்து கீழே தோட்டங்களுக்கு விடுகிறார்கள், திரும்ப ஏறுகிறது மழைக்குத்தான், ஒக்டோபரில். நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். டினேஷ் குச்சியைப் பிடுங்கித் துடைத்து வானுக்குள் வைத்தபடி, "நான் சொன்னது சரிதானே. பெருக்கு ஒக்டோபரிலை" என்றார்.

இரண்டாவது ஞாயிறு மதோனியே மலைப் பக்கம் புறப்பட்டோம். புறப்பட்டோம் என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன், ஆனால் அன்றைக்கு நாங்கள் நாலு தடவை புறப்பட்டோம். மீனுக்குப் போகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்டால் போன காரியம் விளங்காது என்பது உங்களுக்குத் தெரியும். கேசவெனுக்குத் தெரியாது. அவருக்குத் தமிழ்ப் பேர் இருக்கிறது, தமிழ் வராது. சந்தியில் வானை நிறுத்தி இத்தாலிய மொழியில், "எங்கே போகவேண்டும்?" என்று கேட்டார். டினேஷ் இரண்டு கையாலும் தலையில் அடித்தார். "கேட்டிட்டான்! திருப்பச் சொல்லும், திருப்பச் சொல்லும்!" வீட்டுக்கு வந்தோம். எல்லாரும் படியேறி, கதிரையில் இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, திரும்பவும் இறங்கினோம். அடுத்த சந்தியில் அவர் திரும்பவும் கேட்டார். மூன்றாம் முறை திரும்பி வந்தபோது கேசவென் ஸ்ரியறிங்கில் தலையை வைத்துக்கொண்டு, "ஓட்டுகிறவன் நான். நான் கேட்காமல் பிறகு யார் கேட்பது?" என்றார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது.

கடைசியில் மொனிகாதான் வழி கண்டுபிடித்தாள். போனில் மப்பைப் பார்த்து, வாயே திறக்காமல், கேசவெனின் இடது தோளிலோ வலது தோளிலோ தட்டிக்கொண்டு வந்தாள். ஏழு வயசுக்கு அவளுக்கு நல்ல மூளை, உங்களைப் போல என்று நான் சொன்னால் டினேஷ் சண்டைக்கு வருவார். ஆனால் பேர் சொல்லக்கூடாது என்றதால் வழியில் ஒருவரிடமும் ஏரியைப் பற்றி விசாரிக்க முடியவில்லை. மப்பில் நீலமாக இருந்த இடத்துக்குப் போய் இறங்கினால், வெடித்த சேறு. ஏரியின் நடுவில் ஒரு மாடு படுத்திருந்தது. மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற குட்டை அது, யூன் மாதத்திலேயே வற்றிவிட்டது. டினேஷ் கரையில் நின்று நெடுநேரம் மாட்டைப் பார்த்தார். "ஈயெண்டால் நிறைய இருக்குது. உம்முடைய கொண்ணருக்குப் பிடிக்கும்" என்றார்.

அந்தக் கிழமை முழுக்க எனக்குப் பால் சுரக்கவில்லை. மகனின் நிறை குறைகிறது என்று எனக்குத் தோன்றியது. தராசில் கூடியிருந்தது, ஆனால் தராசை எப்படி நம்புவது? டினேஷ் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். வுச்சீரியாச் சந்தையில் மிஞ்சியிருக்கிற மீன்கடையில் ட்ரவுட் மீன் ஒன்று சொல்லி எடுப்பது, பெரிய கடல்மீனின் பாய்ச் செட்டையொன்றை வெட்டி எடுப்பது, இரண்டையும் சேர்ப்பது.

"எப்பிடிச் சேர்க்கிறது?"

"தைக்கிறதுதான். உமக்குத் தையல் தெரியும்தானே."

"அண்ணா மீன்காரன்ரை கண்ணுக்குத் தையல் தெரியாதோ?"

"பச்சை நூலாலை தையும். ஓமத்தண்ணியிலை ஊறவைச்சால் மணமும் சரி."

நான் வேண்டாம் என்று சொன்னேன் என்று எழுதவேண்டும் போலிருக்கிறது. உண்மை என்னவென்றால், நான் பச்சை நூல் இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பார்த்தேன். மொனிகாதான் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, மாமாவுக்குப் பொய்மீன் குடுத்தால் மாமா பியாஞ்சே பண்ணமாட்டாரா?" என்று கேட்டாள். அழமாட்டாரா என்பதைத்தான் அவள் அப்படிக் கேட்டாள். பெட்டியை மூடிவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு நெப்ரோதி மலைக்காட்டுக்குப் போனோம், மூன்று மணித்தியாலப் பயணம். தோள்தட்டில் ஒரு பிழையும் நடக்கவில்லை. மேலே ஏற ஏறக் குளிர். யூலை மாதத்தில் மகனுக்குக் கம்பளித் தொப்பி போட்டேன், அதற்கு மேல் மொனிகாவின் தொப்பியையும் போட்டேன். மரங்களுக்கு நடுவில் திடீரென்று ஏரி. நீங்கள் அனுப்புகிற படங்களில் இருக்கிற மாதிரியே, தண்ணீருக்கு மேல் மெல்லிய பனிப்புகார். டினேஷ்கூட ஒரு நிமிசம் காற்றின் பேர் சொல்லாமல் நின்றார். பிறகு, "சோளகம்" என்றார். மலைக்குச் சோளகம் எங்கே வரும் என்று நான் கேட்கவில்லை. தூண்டில் இரையாகக் கொண்டுபோன இறாலையும் எங்கள் புட்டுப் பார்சலையும் கல்லில் வைத்துவிட்டுத் திரும்பினால், காட்டுக்குள்ளிருந்து கறுப்புப் பன்றிகள், தாயும் குட்டிகளுமாக ஒரு பதினைந்து வந்து இறாலைத் தின்று, புட்டைத் தின்று, வாழைப்பழத்தைத் தோலோடு தின்றன. கேசவென் வானின் கூரையில் ஏறிவிட்டார். நான் மகனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செபமாலையின் முதல் மணிக்கு வரமுன்னம், அவன் சிரிக்கத் தொடங்கினான், அண்ணா. வாய் கோணுகிற சிரிப்பு இல்லை, வயிறு குலுங்குகிற சிரிப்பு. ஏழு மாதத்தில் முதல்முறை. பன்றிகளைப் பார்த்து.

அந்தச் சத்தத்துக்கு வனக்காவலர் ஒருவர் வந்தார். பன்றிகளை விரட்டிவிட்டு, என்ன தேடி வந்தீர்கள் என்று கேட்டார். தெமொலோ மீன் என்றேன், இங்கே ஹாருக்கு அதுதான் பேர். அவர் தொப்பியைக் கழற்றினார். "சிஞ்ஞோரா, அது வடக்கே அல்ப்ஸ் மலைத் தண்ணீரில் இருக்கிற மீன். சிசிலியில் ஒரு ஏரியிலும் இல்லை. இருந்ததும் இல்லை" என்று, செத்தவீட்டில் சொல்வது போல மெல்லச் சொன்னார். நான் ஏரிக்கரைக் கல் ஒன்றில் இருந்துவிட்டேன்.

அங்கே இருந்தபோது எனக்கு ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரைக் கற்கள்தான் ஞாபகம் வந்தன. எனக்குப் பத்தொன்பது வயசு. உணவகக் குசினியில் மத்தியான வேலை முடிந்து, பின்னேர வேலை தொடங்குவதற்கு முன் உங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் இருக்கும். கணவாய் மை ஊறின ஏப்ரனோடு வருவீர்கள். தண்ணீர்ப் போத்தலில் சுற்றிய தங்கூசியை எறிந்துவிட்டு, "ம், சொல்லு" என்பீர்கள். நான் இத்தாலிய வினைச்சொற்களை நான், நீ, அவன் என்று ஒப்புவிப்பேன். நீங்கள் திருத்துவீர்கள், முக்கால்வாசி பிழையாக. பரீட்சையில் நான் விட்ட பிழைகள் எல்லாம் உங்களுடையவைதான், இத்தனை வருசமாகச் சொல்லவில்லை. மூன்று வருசத்தில் நாம் பிடித்த மீன்களை விரல் விட்டு எண்ணலாம். பிடிபட்டதில் நல்லதை நீங்கள் நாம் அப்போது இருந்த கால்சா வீட்டுப் பல்கனியில் நின்று, மேல்வீட்டுக் கிழவி கயிற்றில் இறக்குகிற கூடைக்குள் போட்டுவிடுவீர்கள். எனக்கு மிஞ்சுகிறது முள். மீன் பிடிபடவில்லை என்பதற்காக நாம் ஒரு நாளும் போகாமல் விட்டதில்லை, இல்லையா?

வைத்தியரிடம் போய் வருகிற வழியில் அந்தக் கால்சா வீட்டைப் போன மாதம் தாண்டிப்போனேன். திருத்தி, மஞ்சள் பூசி, உல்லாசப் பயணிகளுக்கு விடுதியாக்கிவிட்டார்கள். நான் கட்டிலிலும் நீங்கள் நிலத்திலும் படுத்த அறையில் இப்போது காலைச் சாப்பாடு பரிமாறுகிறார்கள். கதவடியில் நின்று எட்டிப் பார்த்தேன். நீங்கள் மாதா படம் மாட்டிய இடத்தில் பாய்க்கப்பல் படம் ஒன்று தொங்குகிறது. ஆணி அதே ஆணி, சரித்து அடித்தபடியே இருக்கிறது. பணிப்பெண் வந்து என்ன வேண்டும் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, இங்கே என் அண்ணா இருந்தவர் என்று சொன்னேன். அவள், "இப்போது எங்கே?" என்றாள். மலைக்கு மீன் பிடிக்கப் போய்விட்டார் என்றேன். ஒன்பது வருசமாக என்று சொல்லவில்லை.

ஆகவே அண்ணா, உண்மை இதுதான். ஏரி இருக்கிறது, ஹார் இல்லை. உங்கள் விடுமுறை வருசத்தில் ஒருமுறைதான், அதைப் பொய் சொல்லிப் பிடுங்குகிற உரிமை எனக்கில்லை. ரிக்கற்றை மாற்றுங்கள். உங்கள் மலைக்குப் போங்கள். நான் கோவிக்க மாட்டேன், சத்தியமாக. ஞானத்தகப்பனாகக் கேசவெனைக் கேட்கலாமென்றால் அவர் முருக பக்தர், சுவாமி இந்தமுறை பார்ப்பதோடு விடமாட்டார். கோயில் அருளையா அண்ணரைக் கேட்டிருக்கிறேன். அவர் ஏற்கெனவே பதினான்கு பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பன், ஒருவருடைய பேரும் ஞாபகமில்லை, எல்லாரையும் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார், பெண்பிள்ளைகளையும். நம்முடையவனும் பதினைந்தாவது தம்பியாக இருந்துவிட்டுப் போகட்டும்.

மச்சாள் யோசப்பீனுக்கு என் அன்பு. மொனிகா மாமாவுக்கு இரண்டு முத்தம் என்று சொல்லச் சொன்னாள், ஒன்று போதும் என்று பிறகு திருத்தினாள். டினேஷ் மச்சானை விசாரித்ததாகச் சொல்கிறார். ஆண்டவர் உங்கள் இருவரையும், உங்கள் குளிர்ந்த ஏரிகளையும், அதில் இருக்கிற ஒவ்வொரு மீனையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.

பொய் சொன்ன அன்புத் தங்கை,
றெபேக்கா

பி.கு.: உறையில் எழுத உங்கள் புது வீட்டு விலாசம் வேண்டியிருந்தது. மச்சாளுக்குப் போன் எடுத்தேன். நீங்கள் வேலைக்குப் போயிருந்தீர்களாம். என்ன கடிதம் என்று கேட்டார், சொன்னேன். மச்சாள் சிரித்த சிரிப்பில் நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

"எடி விசரி, அந்தச் சிசிலிக் குசினியளுக்குள்ளை வருசக்கணக்கா மீன் கழுவின மனுசனுக்கு, அங்கை என்ன மீன் இருக்கு, என்ன மீன் இல்லையெண்டு தெரியாதே? நீ சொன்ன அண்டைக்கே போனை வைச்சிட்டுச் சிரிச்சவர். பேந்து சிரிப்பு நிண்டிட்டுது. 'என்ரை தங்கச்சிக்குப் பொய் சொல்லத் தெரியாது, அவளையே பொய் சொல்ல வைச்சிட்டன்' எண்டிட்டு, அந்த இருப்பிலேயே ரிக்கற் போட்டவர். தூண்டில் பெட்டியைப் பரணிலை ஏத்தியாச்சு."

"பேந்தேன் மச்சாள் கிழமைக்குக் கிழமை ஏரியின்ரை பேர் கேட்டவர்?"

"பிள்ளை பிறந்ததிலையிருந்து நீ வீட்டை விட்டு அசையிறேல்லையெண்டு டினேஷ் சொன்னவராம். ஏரி தேடியெண்டாலும் நாலு இடம் பார்க்கட்டும் எண்டவர்."

டினேஷ் இப்போது குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று இன்னும் கேட்கவில்லை. கேட்கத்தான் போகிறேன், கத்தியை வைத்த பிறகு.

ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. கோவிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணியதும் ரத்து. ரிக்கற்றை மாற்றினால் உயிருள்ளவரை உங்களோடு கதைக்க மாட்டேன். அருளையா அண்ணரிடம் நான் போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அவருக்கு என்ன விசயம் என்றே ஞாபகமிருக்காது. தூண்டில் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி எடுத்து வாருங்கள். ஒன்றும் பிடிபடாது, பரவாயில்லை.

மகனுக்குக் கீழ்ப்பல் ஒன்று வெளியே வந்திருக்கிறது, நேற்றுத்தான் கண்டேன். வந்து இறங்கின உடனே ஆசையில் விரலைக் குடுத்துப்போடாதேங்கோ. கடிக்கிறான்.